பெயர் பார்க்காத விசை

ஸ்கேன் சென்டரில் எல்லோரும் அவரை ‘ஒத்தவிரல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. விரல் ஊனமோ என்று அவசரப்பட்டு உச்சுக் கொட்டிவிடாதீர்கள். பத்து விரலும் பத்திரமாக இருக்கிற மனிதர்தான். பத்து விரல் செய்கிற வேலையை இந்த ஆள் ஒரே விரலால் முடித்துவிடுகிறான் என்று ஸ்கேன் டாக்டர் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவருடைய வேலை ரிப்போர்ட் அடிப்பது. ஸ்கேன் அறை இருட்டில் டாக்டர் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே சின்ன ரெக்கார்டரில் பேசுவார். கல்லீரல் இப்படி, சிறுநீரகம் இப்படி, கர்ப்பப்பை இப்படி. முடிந்ததும் “அடுத்தது” என்பார். பெயரெல்லாம் சொல்லமாட்டார். அவருக்கு அதற்கெல்லாம் பொழுது இல்லை. மாலையில் அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த குறுகலான அறையில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த பக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவர் அடிப்பார். ஒரு நாளைக்கு முப்பது பேர், முப்பத்தைந்து பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணிக்கட்டு வீங்கி, வீட்டில் அக்காதான் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா போனபோது இவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினேழு. படிப்பை அன்றோடு மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள் அவள். பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “என் தம்பியும் கூடத்தான் வருவான்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, நாலு வரன்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஐந்தாவதாக வந்தவர்தான் மாமா. “வரட்டுமே, வீடு நிறைஞ்சிருக்கும்” என்றாராம். ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. கீழே அவர்கள், மாடி அறையில் இவர். சாப்பாடு மூன்று பேருக்கும் ஒரே அடுப்பில்.

மணிக்கட்டு வீங்கிய காலத்தில்தான் யாரோ அந்த மேக்ரோ சாஃப்ட்வேரைக் காட்டிக்கொடுத்தார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தெரிந்தவர்கள் முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் கீபோர்டில் என்னென்ன தட்டுகிறீர்களோ, அதையெல்லாம் அது பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் ஒரு விசையை அழுத்தினால் போதும், அத்தனையையும் அதே வரிசையில் தானே தட்டிவிடும். அசல் கிளிப்பிள்ளை. ‘கஇ’ என்று இரண்டெழுத்து அடித்தால், ‘கல்லீரல் இயல்பான அளவில், இயல்பான தன்மையுடன் உள்ளது’ என்று முழு வரியும் வந்து குதிக்கும். இவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே மாதத்தில் இருநூறு சுருக்கெழுத்து வைத்துக்கொண்டார். மணிக்கட்டு வீக்கம் போன இடம் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ருசி கண்ட பூனை நிற்குமா? அடுத்து, எல்லா ரிப்போர்ட்டையும் டாக்டர் பேசிய வரிசையிலேயே ஒரே கோப்பில், ஆளுக்கு ஒரு பக்கமாக அடித்து வைத்துக்கொண்டார். முடிந்ததும் எஃப்-ஒன்பது விசையைத் தட்டுவார். மேக்ரோ கிளம்பிப் போகும். அன்றைய நோயாளிகள் பட்டியலில் முதல் பெயரைத் திறக்கும், முதல் பக்கத்தை அதில் ஒட்டும், சேமிக்கும், ஒரு வரி கீழே இறங்கும். இரண்டாம் பெயர், இரண்டாம் பக்கம். மூன்றாம் பெயர், மூன்றாம் பக்கம். முப்பத்தைந்து ரிப்போர்ட்டும் நாலே நிமிடத்தில் தயார். அந்த நாலு நிமிடமும் இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு டீ குடிப்பார். திரையில் பெயர்கள் தாமாகத் திறந்து தாமாக மூடுவதை வரவேற்பறைப் பெண்கள் எட்டிப் பார்த்து, “ஐயோ, பேய் அடிக்குது!” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அதில் இவருக்கு எத்தனை பெருமை என்கிறீர்கள்!

கிளிக்குக் கண் கிடையாது என்பதும் இவருக்குத் தெரியாததல்ல. ஒருமுறை மேக்ரோ ஓடிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் ஏதோ செய்தி அனுப்ப, அந்தச் செய்திப் பெட்டி திரையில் முன்னால் வந்து நின்றது. கிளி அது யார் வீட்டுப் பெட்டி என்று பார்க்குமா? ‘கர்ப்பப்பை இயல்பாக உள்ளது’ என்று மேனேஜருக்கே அனுப்பி வைத்துவிட்டது. மீசை வைத்த மேனேஜர். சென்டரே ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தது. “நல்ல சேதிதான் சொல்லியிருக்கேன் சார்” என்று இவரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து மேக்ரோ ஓடும்போது செய்திப் பெட்டியை மூடி வைப்பார். வரிசை மாறினால் மட்டும்தான் ஆபத்து. அதற்கும் ஏற்பாடு இருந்தது. உள்ளே ஆட்கள் முன்பின்னாகப் போனால், ஸ்கேன் அறை வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடும் கதவுக்காரம்மா ஒரு சீட்டில் ‘எட்டுக்கு முன்னால் ஒன்பது’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார், இவர் பக்கங்களை இடம் மாற்றிக்கொள்வார். பதினோரு வருடத்தில் ஒரு பிழை கிடையாது. டாக்டர் கையெழுத்துப் போடும்போது படித்துக்கூடப் பார்ப்பதில்லை. “ஒத்தவிரல் அடிச்சா நான் எதுக்குப் படிக்கணும்?” என்பார்.

இப்படியிருக்கையில்தான் அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. வலது பக்கம், விலாவுக்குக் கீழே. வந்து வந்து போகும் வலி. வீட்டு டாக்டர் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்றார். “நம்ம சென்டருக்கே வந்துடு” என்றார் இவர்.

அக்காவுக்கு டோக்கன் இருபத்து மூன்று. வயிற்று ஸ்கேன் என்றால் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு பாட்டில் குடித்துவிட்டு அவள் பெஞ்சில் நெளிந்ததை இவரால் பார்க்க முடியவில்லை. சென்டரில் ஒரு கறாரான விதி உண்டு. ஊழியர்களின் சொந்தக்காரர்களும் வரிசையில்தான் வரவேண்டும், மீறினால் டாக்டர் கடித்துக் குதறிவிடுவார். இவர் கதவுக்காரம்மாவிடம் போய்க் காதோடு காதாகக் கேட்டார்.

“ஒரே ஒரு ஆள் முன்னாடி விட்டுடுங்கம்மா. எங்க அக்கா. தவிக்கிறா, பாருங்க.”

“சீட்டுல எழுதினா டாக்டர் ஏன்னு கேப்பாரே?”

“எழுத வேணாம். நான்தானே அடிக்கப்போறேன், நானே மாத்திக்கறேன்.”

அக்காவிடமும், “உள்ள போயி என் அக்கான்னு சொல்லிக்கிட்டு நிக்காதே” என்று சொல்லி அனுப்பினார். இருபத்திரண்டாம் டோக்கன் வைத்திருந்த டீச்சரம்மா ஒன்றும் கேட்கவில்லை. அக்கா போய்விட்டு வந்தாள், அப்புறம் டீச்சர் போனார். டாக்டருக்கு இருவரும் இருட்டில் படுத்த இரண்டு வயிறுகள், அவ்வளவுதான்.

அன்று மாலை கூட்டம் அதிகம். முப்பத்து நாலு பேர். இவர் காதில் மாட்டிக்கொண்டு கடகடவென்று அடித்தார். இருபத்திரண்டாவது பக்கத்தில் டாக்டரின் குரல் கொஞ்சம் மெதுவானது. பித்தப்பையை ஒட்டி ஒரு கட்டி, உடனடியாக மேற்கொண்டு பரிசோதனை தேவை என்றது. “ஐயோ பாவம், எந்த வீட்டு மகராசியோ” என்று வாய்விட்டுச் சொல்லியபடியே அதை அடித்தார். அதற்கு மட்டும் சுருக்கெழுத்து கிடையாது, ஒவ்வொரு எழுத்தாகத் தன் கையாலேயே அடித்தார். அடுத்த பக்கம் எல்லாம் இயல்பு. இரண்டு விசையில் முடிந்துவிட்டது. முப்பத்து நாலும் முடிந்ததும் எஃப்-ஒன்பதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னது சுத்தமாக மறந்துபோனது. நினைவுபடுத்தத்தான் சீட்டு, அந்தச் சீட்டைத்தான் எழுத வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டாரே!

அக்காவின் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு இவரே வீட்டுக்குக் கொண்டுபோனார். எல்லாம் இயல்பு. மாமா அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்தார். “கேட்டியா? ஒண்ணுமே இல்ல. இனிமே வலி கிலின்னு சொன்னே, பாரு!” என்று அக்காவின் தலையில் கவரால் ஒரு தட்டுத் தட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

நாலாம் நாள் அந்த டீச்சர் வந்தார். அன்று அக்காவோடு பெஞ்சில் இருந்த முகம் இது என்று இவருக்குப் பிடிபடவில்லை. முகம் வெளுத்து, கண் உள்ளே போயிருந்தது. கூச்சல் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார்.

“வேற ரெண்டு எடத்துல பாத்துட்டேன். எனக்கு ஒண்ணுமே இல்லங்கறாங்க. நாலு நாளா நான் செத்துச் செத்துப் பொழச்சேன் சார்.”

இவர் கண் வாசல் பக்கம் போனது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், எந்த நிமிடமும் திரும்பி வரலாம். பதினோரு வருடப் பெயர்! மளமளவென்று டீச்சர் பெயரில் எல்லாம் இயல்பு என்று அடித்து, பழைய தேதியே போட்டு, கையெழுத்து வாங்க வைத்திருந்த கட்டுக்குள் செருகினார். மாலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் மேடம், டைப்பிங் மிஸ்டேக் என்று கைகூப்பினார்.

டீச்சர் எழுந்தார், பிறகு நின்றார். “அப்ப அந்தக் கட்டி யாரோடது சார்?”

“யாரோடதும் இல்ல மேடம். தப்பா விழுந்துடுச்சு.”

கட்டி தானாக விழுமா? அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாக அடித்தவருக்குத் தெரியாதா, அது யாரோ ஒருவருடையது என்று? பட்டியலைத் திறந்து டீச்சருக்கு அடுத்த எண் யார் என்று பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. ஆனால் பார்த்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், தப்பு எப்படி வந்தது என்று கேட்பார், ஆட்களைத் திரும்ப அழைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாள், ஸ்கேன் மெஷினே கோளாறாக இருந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் டாக்டரின் ரெக்கார்டரில் இருந்த பேச்சையெல்லாம் அழித்துவிட்டார்கள், வாராவாரம் அழிப்பதுதான். கிளிக்குக் கண் இல்லை, சரி. கண் இருக்கிற மனிதன் கண்ணை மூடிக்கொண்டதற்கு யாரைக் குறை சொல்வது?

அக்காவுக்கு வலி நிற்கவில்லை. சொன்னபோதெல்லாம் மாமா சிரித்தார், அப்புறம் எரிந்து விழுந்தார். “ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லன்னு உன் தம்பியே அடிச்சுக் குடுத்திருக்கான். நடிக்காதே, எந்திரி.” அக்காவும் எழுந்து எழுந்து வேலை பார்த்தாள். ஏழாவது மாதம் கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டி கல்லீரலுக்குள் இறங்கிவிட்டது, இனிமேல் அறுக்கவும் வழியில்லை, சில மாதங்கள்தான் என்றார்கள்.

அங்கிருந்த டாக்டர் பழைய ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏழு மாசத்துக்கு முன்னாடி இவ்ளோ சுத்தமா இருந்திருக்கே? அப்பவே தெரிஞ்சிருந்தா எடுத்துப் போட்டிருக்கலாம்” என்றார். மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்றபடி இவர் அந்தத் தாளைப் பார்த்தார். தேதி. எண் இருபத்து மூன்று. ஒரே ஒரு ஆள் முன்னாடி. இருபத்திரண்டாம் எண் டீச்சர். ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாசத்தில் மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து மாமா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்து ஜன்னலோரம் கட்டில். மாமா தரையில் பாய் போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார். பாதி ஆளாகிவிட்டார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு: “அவ வலிக்குது வலிக்குதுன்னா. நான்தான் நடிக்காதேன்னேன். ரிப்போர்ட்டுக்கு அப்புறம் வந்திருக்கு, நான் கண்டுக்கல. நான்தான் கொன்னுட்டேன்.” இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார், அக்கா இவரைப் பார்ப்பாள், வாய் ஒட்டிக்கொள்ளும். என்ன மனிதர் இவர் என்று எனக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் தன்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒரே ஒரு முகம் தன்னை வெறுத்துப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். சென்டரில் எஃப்-ஒன்பதை இவர் தொடுவதை நிறுத்தினார். ஒவ்வொரு பெயராகத் திறந்து, படித்து, கையாலேயே அடித்தார். மணிக்கட்டு மறுபடி வீங்கியது. ஒத்தடம் கொடுக்க யாரும் இல்லை, இவரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா தெளிவாக இருந்தாள். மாமா சமையலறையில் அவளுக்குப் பழம் பிழிந்துகொண்டிருந்தார். இவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னடா, வந்ததுலேருந்து சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற?”

சொல்லிவிட்டார். மேக்ரோ எப்படிப் பெயரைப் பார்க்காமல் வரிசையை மட்டும் எண்ணும் என்பதிலிருந்து, கதவுக்காரம்மாவிடம் சொன்னது, மறந்தது, டீச்சர் வந்தது, கேட்டது, இவர் சொன்ன பதில் எல்லாம். அக்கா இமை கொட்டாமல் கேட்டாள்.

“அந்த டீச்சர் நல்லாருக்காங்களா?”

“நல்லாருக்காங்க.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பெரிய ஆஸ்பத்திரியில, அன்னைக்கே.”

“மூணு மாசம்.” அவள் அதை மெதுவாகச் சொன்னாள். இவர் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து விசும்பினார். எப்போதும்போல அவள் கை தலைக்கு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

“கை தவறிடுச்சு, அதை விடு. எனக்கு அடக்க முடியலன்னுதானே முன்னாடி விடச் சொன்ன, அதுக்கு உன்ன என்ன சொல்றது? ஆனா உங்க மாமாவ பாத்துக்கிட்டுதானே இருந்த? நான் கண்ண மூடிட்டா, தூங்கறேன்னு நெனச்சு என் காலப் புடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்குறாருடா அந்த மனுஷன். செய்யாத தப்புக்கு. உன்னையும் சேத்துத் தூக்கிட்டு வந்த மனுஷன். எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு?”

இவர் நெற்றியைச் சட்டத்திலிருந்து எடுக்கவில்லை.

“போ. போய் அவர்கிட்ட சொல்லு. நான் இருக்கும்போதே சொல்லு.”

சமையலறையில் மாமா பழச்சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்தார். இவர் வாசற்படியிலேயே நின்று, தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, “அடிங்க மாமா” என்றார். அடியை எதிர்பார்த்து நின்றார். உண்மையைச் சொன்னால், அந்த அடிக்காக ஏங்கினார்.

மாமா அடிக்கவில்லை. வடிகட்டியைக் கீழே வைத்தார்.

“இரு, இரு. இன்னொரு தடவ சொல்லு. அப்ப அது அன்னைக்கே இருந்துச்சா?”

“இருந்துச்சு மாமா.”

“ரிப்போர்ட்டுதான் தப்பா? நான் நம்பினது தப்பில்லையா?”

“இல்ல மாமா. எல்லாம் என்னாலதான்.”

“அப்ப என்னால இல்லையா?” அந்தப் பெரிய மனிதரின் உதடு குழந்தை உதடுபோலத் துடித்தது. “சத்தியமா என்னால இல்லையா மாப்ள?”

“சத்தியமா இல்ல மாமா.”

மாமா ஈரக் கையால் இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சொன்னியே. நல்லவேள சொன்னியே மாப்ள” என்று தேம்பினார். நன்றி சொன்னார்! திட்டியிருந்தாலும் தாங்கியிருக்கலாம், காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருக்கலாம், இதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு மாமா கையை விட்டார். முகத்தைத் தோள் துண்டால் துடைத்தார். இவரை ஒரு தரம், யாரோ முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பழச்சாற்றை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

“கேட்டியா? என்னால இல்லையாம்” என்று மாமாவின் குரல் கேட்டது. அக்கா ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. அப்புறம் இரண்டு பேரும் அழுகிற சத்தம். அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் எந்த அழுகையானாலும் மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் அழுதிருக்கிறார்கள். இவர் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை.